18,000 ரூபாய்க்குக் கிடைக்காத பதில்

வேலையை நேரத்தில் முடிக்க வழிகாட்டும் புரொடக்டிவிட்டி கோச் ஒருவரிடம் போகலாமா என்று என் தொழிலில் இருக்கும் நண்பர்கள் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடுவது நல்லது என்று தோன்றியது. நான் இந்த வழியில் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை 18,000 ரூபாயும் இரண்டு மாதங்களும் வீணாயின. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. இரண்டாம் முறை, 6 அமர்வுகளுக்குள் என் அலுவலகத்தின் மாத நடைமுறையே மாறிவிட்டது. அந்த இரண்டு கோச்சுகளுக்கும் இருந்த வேறுபாடு என்ன என்பது எனக்குப் புரியவே நெடுநாள் ஆயிற்று.

ஈரோட்டில் வரி ஆலோசகராக இருக்கிறேன். அப்போது வாடிக்கையாளர்கள் 62 பேர். பெரும்பாலும் ஜவுளியும் மஞ்சளும். உதவியாளர்கள் இருவர். 7ஆம் தேதிக்குள் பிடித்தம் செய்த வரியான டிடிஎஸ், 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி என்று மாதம் ஓடும். இரண்டாவது கோச்சிடம் போகும் வரை, 8ஆம் தேதி முதல் 11ஆம் தேதி வரை இரவு ஒரு மணிக்கு முன்னால் நான் வீட்டுக்குப் போனதாக எனக்கு நினைவே இல்லை. இத்தொழிலில் இருப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊரில் கோச்சிங் என்றால் நீட் தேர்வுக்கோ டிஎன்பிஎஸ்சிக்கோ படிக்கப் போகும் இடம். சொல்லித்தருபவர் சொல்ல, நாம் எழுதிக்கொள்ள வேண்டும். முதலில் அணுகியவரிடம் நான் எதிர்பார்த்ததும் அதுதான். அவர் கொடுத்ததும் அதுதான். மூன்று மாதத்துக்கான கட்டணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு, முதல் நாளே ஒரு கால அட்டவணையை அனுப்பினார். காலை 5 மணிக்கு எழ வேண்டும். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று கடிகாரம் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா வேலைகளையும் முக்கியமானவை, அவசரமானவை என்று நான்கு கட்டங்களில் பிரித்து எழுத வேண்டும். இந்த முறைகளை நான் குறை சொல்லவில்லை. அந்த 25 நிமிட முறையை பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் பிற்பகுதியில், மாணவராக இருந்தபோது தம் சொந்தப் படிப்புக்காக உருவாக்கினார். தனக்கு எங்கே இடறுகிறது என்று அவரே பார்த்து, அவரே கண்டுபிடித்த தீர்வு அது. பத்தாம் தேதி பிற்பகலில், வாசலில் இரண்டு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்க, கைப்பேசி ஓயாமல் ஒலிக்கும் என் அலுவலகத்தில் அந்தக் கடிகாரம் முழுதாக ஒரு சுற்றுகூட ஓடவில்லை. நான்கு கட்டங்களில் ஒன்றில் மட்டும் 62 பெயர்களும் குவிந்தன. மற்ற மூன்றும் காலியாக இருந்தன.

ஒரு மணி நேர அமர்வில் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் அவரே பேசினார். எந்த வேலையில் எனக்குத் தாமதம் ஆகிறது என்று இரண்டு மாதத்தில் ஒருமுறைகூட அவர் கேட்கவில்லை. அட்டவணை பலிக்கவில்லை என்று சொன்னபோது, "உங்களிடம் மன உறுதி போதவில்லை" என்றார். பணம் போனதைவிட இதுதான் எனக்கு வலித்தது. ஏனென்றால் நான் அதை நம்பிவிட்டேன். நாற்பத்தாறு வயதில், சோம்பேறியாகிவிட்டேனோ என்று எண்ணிக்கொண்டு சில வாரங்கள் நடமாடினேன். மீதமுள்ள ஒரு மாதத்துக்கான பணத்தையாவது திருப்பித் தாருங்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கட்டணத்துக்கு முறையான பில்கூட அவர் தரவில்லை. ஊருக்கெல்லாம் பில் கேட்கச் சொல்லும் நான் எனக்காக அதைக் கேட்டு வாங்காமல் விட்டது என் தவறு.

ஆகவே, போக நினைப்பவர்கள் முதலில் இவற்றைக் கவனியுங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்பவரிடம், இடையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வழக்கறிஞருக்கும் பட்டயக் கணக்கருக்கும் இருப்பதுபோல் கோச்சுகளுக்கு உரிமம் வழங்கும் சட்டபூர்வ அமைப்பு இந்தியாவில் இல்லை. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். 1995இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஐசிஎஃப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பு ஏசிசி, பிசிசி, எம்சிசி என்று மூன்று நிலைகளில் சான்று தருகிறது. பயிற்சி வகுப்புகள் தவிர, வாடிக்கையாளர்களோடு அமர்ந்த அனுபவம் முதல் நிலைக்கு 100 மணி நேரமும், இரண்டாம் நிலைக்கு 500 மணி நேரமும், மூன்றாம் நிலைக்கு 2,500 மணி நேரமும் இருக்க வேண்டும். சான்று இருந்துவிட்டால் மட்டும் நல்லவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சான்றைப் பற்றிக் கேட்கும்போது ஒருவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

இரண்டாமவர் சென்னையில் இருக்கும் ஒரு பெண்மணி. கல்லூரி நண்பர் ஒருவர் சொன்னதால் அரைமனதோடு பேசினேன். கட்டணமில்லாத முதல் அரைமணி நேரப் பேச்சிலேயே, "ஜிஎஸ்டி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது சார், உங்கள் வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை" என்று தெளிவாகச் சொன்னார். என் தொழில் தெரியாதவரால் எனக்கு என்ன பயன் என்று எண்ணி, ஏறக்குறைய வேண்டாம் என்றே முடிவு செய்துவிட்டேன். அவர் அனுப்பிய ஒரு பக்க ஒப்பந்தம்தான் என் மனதை மாற்றியது. பேசுவது எதுவும் வெளியே போகாது, ஒவ்வோர் அமர்வுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டினால் போதும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம், தூக்கமின்மையோ மனச்சோர்வோ தொடர்ந்து இருந்தால் அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம் என்று நான்கு செய்திகள் அதில் இருந்தன. இப்படி ஒரு தாளைத் தர மறுப்பவரிடம் போகாதீர்கள்.

முதல் அமர்வு எனக்கு எரிச்சலாகவே முடிந்தது. "நீங்கள் நினைத்தபடி இது மாறிவிட்டால் 11ஆம் தேதி மாலை எப்படி இருக்கும்?" என்று கேட்டார். ஏழு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டுவேன் என்றேன். "இப்போது ஏழு மணிக்கு என்ன நடக்கிறது?" என்றார். நான் ஏதோ சொன்னேன். அவர் அடுத்த கேள்விக்குப் போனார். நாற்பது நிமிடம் கழித்துப் பொறுமை இழந்து, "மேடம், நான் பணம் கட்டுவது பதிலுக்காக, கேள்விக்காக இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "இதுவரை உங்களுக்குக் கிடைத்த பதில்களில் எத்தனை உங்கள் அலுவலகத்தில் ஒரு மாதம் தாண்டி நிலைத்தன?" என்று மட்டும் கேட்டார். எனக்கு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. அவரும் பேசவில்லை. அந்த மௌனம் ஒரு நிமிடமாவது நீண்டிருக்கும். இணைய இணைப்பு போய்விட்டதோ என்று திரையைத் தட்டிப் பார்த்தேன்.

இலக்கு, இப்போதைய நிலை, இருக்கும் வழிகள், எதைச் செய்யப்போகிறோம் என்ற உறுதி என்ற நான்கு படிகளில் கேட்டுக்கொண்டு போகும் இம்முறைக்கு குரோ என்று பெயர். 1980களில் பிரிட்டனில் ஜான் விட்மோரும் அவருடைய சகாக்களும் இதை வளர்த்தெடுத்தார்கள். இது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அப்போது தெரிந்திருந்தால் முதல் அமர்வில் அவ்வளவு பதறியிருக்க மாட்டேன்.

இரண்டாம் அமர்வு என்னால் வீணாயிற்று. 5ஆம் தேதி முதல் 11ஆம் தேதி வரை எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று குறித்துக்கொண்டு வருவதாக நானே ஒப்புக்கொண்டிருந்தேன். ஒரு வரிகூடக் குறிக்கவில்லை. திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். "குறிக்க முடியாமல் எது தடுத்தது?" என்று கேட்டார். எல்லா பில்லையும் நானே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, பேனா எடுக்க நேரமில்லை என்றேன். அதை அவர் அப்படியே குறித்துக்கொண்டார். அந்தப் பேச்சில் "நானே" என்று நான்கு முறை சொன்னேன் என்பதை அமர்வு முடியும்போதுதான் எனக்கு எடுத்துக் காட்டினார்.

மூன்றாம் அமர்வுதான் எனக்குத் திருப்புமுனை. "நீங்களே பார்ப்பது எப்போது தொடங்கியது?" என்பதுதான் முதல் கேள்வி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது தொடங்கியது என்றேன். கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவைச் சரிபார்க்க அப்போது இருந்த 2ஏ படிவம் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே கொள்முதல் பில்களை ஒவ்வொன்றாகக் கையில் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பிறகு 2021இல், ஒரு ஜவுளிக்கடைக்காரருக்கு 2017-18ஆம் நிதியாண்டுக் கணக்கில் வரவு பொருந்தவில்லை என்று நோட்டீஸ் வந்தது. அவர் வட்டியோடு கட்டினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லாததுதான் எனக்குப் பெரும் பாரமாக இருந்தது. அன்றிலிருந்து விற்பனை பில், கொள்முதல் பில் இரண்டையும் ஒரே கட்டாக வாங்கி, 11ஆம் தேதிக்கு முன்னால் நானே முழுக்கப் பார்த்து வந்தேன்.

"இந்த 11ஆம் தேதி வேலைக்கு எந்தெந்தத் தாள்கள் தேவை சார்? எனக்குப் புரிகிற மாதிரிச் சொல்லுங்கள்" என்றார் அவர். ஜிஎஸ்டி தெரியாத ஒருவருக்கு விளக்குவதற்காக முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். ஜிஎஸ்டிஆர்-1 என்பது விற்பனை விவரம் மட்டும். கொள்முதல் 3பி-க்குத்தான் வேண்டும். 2020 ஆகஸ்டில் அறிமுகமான, 2ஏ போல நாளுக்கு நாள் மாறாத 2பி என்ற வரவு அறிக்கை இப்போது மாதந்தோறும் 14ஆம் தேதி வருகிறது. 2022 ஜனவரி முதல் அதில் இல்லாத பில்லுக்கு வரவு எடுக்கவே முடியாது. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் எனக்குக் கேட்டது. 14ஆம் தேதிக்குப் பிறகு, அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய கொள்முதலை 11ஆம் தேதிக்கு முன்னால், தூக்கம் கெட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சட்டம் மாறிய ஒவ்வொரு தேதியும் எனக்குத் தெரியும். என் அலுவலகம் மட்டும் 2017இலேயே நின்றிருந்தது.

இதை என்னிடம் வேறொரு வரி ஆலோசகர் சொல்லியிருந்தால், "எனக்குத் தெரியாதா?" என்றுதான் கேட்டிருப்பேன். அந்த நோட்டீசை அவர் முன்னால் எடுத்துப் போட்டு வாதாடியும் இருப்பேன். என் வாயாலேயே வந்ததால் வாதாட ஆளில்லை. அன்று மாலையே விற்பனைப் பதிவை உதவியாளர் இருவரிடமும் ஒப்படைத்தேன். கொள்முதல் அதிகமுள்ள 9 பேரின் கணக்கை மட்டும் 14ஆம் தேதிக்குப் பிறகு நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். உற்சாகத்தில், எல்லோரும் 5ஆம் தேதிக்குள் விற்பனை பில் அனுப்ப வேண்டும், பிந்தினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் அவரவர் பொறுப்பு என்று 62 பேருக்கும் ஒரே செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். இரண்டு பேர் வேறு ஆலோசகரிடம் போய்விட்டார்கள். பதினைந்து வருடப் பழக்கமுள்ள பெரியவர் ஒருவர் நேரில் வந்து, "எப்பக் குடுத்தாலும் வாங்கிக்குவீங்கன்னு தானுங்க தம்பி உங்ககிட்ட வந்தோம்" என்று சொன்னபோது கூசிப் போனேன்.

நான்காம் அமர்வில் இதைச் சொன்னேன். "5ஆம் தேதி என்பதை முடிவு செய்தது யார்?" என்றார். நான்தான். "அவர்களிடம் என்ன கேட்டீர்கள்?" எதையும் கேட்கவில்லை. முதல் கோச் எனக்கு அட்டவணை அனுப்பியதுபோல நானும் அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த பத்து நாட்களில், மீதமிருந்த 60 பேரில் நாற்பது பேருக்கு மேல் நானே தொலைபேசியில் பேசி, எந்த நாள் அவர்களுக்குத் தோது என்று கேட்டேன். எங்கள் ஊர் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை போகும். அந்த இரண்டு நாளும் ஜவுளிக்காரர்கள் பில் கட்டைத் தொடக்கூட மாட்டார்கள். இத்தனை வருடம் ஈரோட்டில் இருந்துகொண்டு இதை நான் கணக்கில் எடுத்ததில்லை. பெரும்பாலோர் புதன்கிழமைதோறும் அந்தந்த வார பில்லை அனுப்பிவிடுகிறோம் என்று அவர்களாகவே சொன்னார்கள். மாத முடிவில் மொத்தமாக வந்து குவிவது அதோடு குறைந்தது. அந்தப் பெரியவர் மட்டும் நேரில்தான் தருவேன் என்றார், அவருக்கு வெள்ளிக்கிழமை.

கோச்சால் ஆகாதவையும் உண்டு. பில்களைத் தானாகப் பதிவு செய்யும் மென்பொருளில் எது நல்லது என்று ஐந்தாம் அமர்வில் கேட்டு அரைமணி நேரத்தை வீணாக்கினேன். தெரியாது என்று நேராகச் சொல்லி, இதைத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். கரூரில் இருக்கும் நண்பரிடம் பேசி ஒரே மாலையில் முடித்தேன். தகவல் வேண்டியதற்குத் தகவல் தெரிந்தவரிடம் போங்கள். தெரிந்தும் செய்யாமல் கிடப்பதற்குக் கோச்சிடம் போங்கள். அமர்வுக்கு முந்தின நாள் 20ஆம் தேதியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். களைத்துப்போய் உட்கார்ந்தால் எந்தக் கேள்விக்கும் "தெரியவில்லை" என்றுதான் வாயில் வரும். கட்டணம் மட்டும் அதேதான். அமர்வு முடிந்தவுடன், வேறு எந்த அழைப்பையும் எடுப்பதற்கு முன்னால், நீங்கள் சொன்னதை உங்கள் சொற்களிலேயே எழுதி வையுங்கள். நான் இரண்டு முறை எழுதாமல் விட்டு, மறுநாள் நினைவுக்குக் கொண்டுவர முடியாமல் தவித்தேன்.

சென்ற மூன்று மாதங்களும் 11ஆம் தேதி மாலை ஏழரை மணிக்குள் பூட்டினோம். இடையில் உதவியாளர் ஒருவர் அக்காவின் திருமணத்துக்காக ஒரு வாரம் விடுப்பில் போனபோது, மற்ற நாட்களில்கூட ஒன்பது மணியைத் தாண்டவில்லை. டிசம்பர் 31க்குள் முடிக்க வேண்டிய ஜிஎஸ்டி ஆண்டு அறிக்கைகள் அப்படியே இருக்கின்றன. அவற்றை எடுத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நவம்பர் முதல் வாரத்தில் ஓர் அமர்வுக்கு நாள் வாங்கியிருக்கிறேன். அவற்றைத் தொட எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்பதைத்தான் முதலில் அவரிடம் பேச வேண்டும்.