மொறிஸ் மைனரும் கோணேசர் கோயில் ஏற்றமும்

நிலாவெளி றோட்டில் ஒழுங்காக ஓடுகிற கார், கோணேசர் கோயில் ஏற்றத்தில் மட்டும் எக்சிலேட்டரை அடிவரை மிதித்தாலும் இழுக்காமல் விக்கி விக்கி நிற்கப் பார்த்தது. 1965 மொறிஸ் மைனர், 1098 சிசி, புதிதிலேயே 48 குதிரைவலுதான், ஆனாலும் இது அநியாயம். பிளக், பொயின்ற், பெற்றோல் பம்ப் என்று இரண்டு கிழமை தேவையில்லாமல் கழற்றிப் பூட்டினேன்.

பிறகு பக்கத்து வீட்டு அண்ணை வந்து, “தம்பி, நீ பெடலை மிதி, நான் காபரேட்டரைப் பார்க்கிறேன்” என்றார். காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிறது அதுதான். நான் முழுக்க மிதித்தும் அதிலுள்ள த்ரொட்டில், அதாவது எஞ்சினுக்குப் போகும் வழியைத் திறக்கிற தகடு, பாதிதான் திறக்கிறதாம். பெடலிலிருந்து அதற்குப் போகும் கேபிள் தளர்ந்து போயிருந்தது. இழுத்துக் கட்டினோம்.

அப்படியும் சட்டென்று மிதித்தால் ஒரு தயக்கம். எஸ்.யூ. காபரேட்டரின் மேல்மூடியைத் திருகி எடுத்தால் உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை! அந்த எண்ணெய்தான் காபரேட்டருக்குள் இருக்கிற பிஸ்டன் விருட்டென்று மேலே பாயாமல் பிடிக்கும், இல்லாவிட்டால் காற்று கூடிப் பெற்றோல் குறைந்துவிடும். ஊற்ற மறந்தது நான்தான், வேறு யாரைத் திட்ட. கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டோம். பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் ‘டக்’ என்று விழவேண்டும், விழுந்தது.

இன்று காலை இரண்டாவது கியரிலேயே கோயில் வாசல்வரை ஏறிவிட்டது. அண்ணைக்கு ஒரு பிளேன்ரீ கடன்.