விமானத்தில் கெட்டுப்போன சாப்பாடு: புகார் கொடுத்துப் பதில் வாங்கிய அனுபவம்

டெல்லியில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு அம்மாவுடன் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் இன்சுலின் போட்டாக வேண்டும். அதனால்தான் டிக்கெட்டோடு சேர்த்து, சர்க்கரைக்காரர்களுக்கான சாப்பாட்டுக்கும் முன்கூட்டியே பணம் கட்டியிருந்தேன்.

சாப்பாட்டு வண்டி முன்வரிசையில் கிளம்பியதைப் பார்த்து அம்மா ஊசி போட்டுக்கொண்டார். எங்கள் வரிசைக்கு வந்த பெட்டியைப் பிரித்ததுமே புளித்த வாடை. பருப்பின் ஓரத்தில் நுரை. கரண்டியால் எடுத்தால் நூல் நூலாக இழுத்தது. "இத வாயில வைக்க முடியாதுப்பா" என்று அம்மா தள்ளி வைத்துவிட்டார்.

பணிப்பெண்ணிடம் காட்டினேன். வேறு சாப்பாடு இல்லை, வேண்டுமானால் சிப்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்றார். இன்சுலின் போட்டாயிற்று என்று சொன்ன பிறகும் அதே பதில்தான். கொஞ்ச நேரத்தில், ஊசிக்குப் பின் சாப்பிடாததால் சர்க்கரை இறங்கி, அம்மாவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது, விரல்கள் நடுங்கின. பக்கத்து இருக்கைப் பெண் தன் குழந்தைக்கு வைத்திருந்த மாம்பழ ஜூஸைக் கொடுத்தார். அவரை நான் மறக்கமாட்டேன்.

அம்மா தெளிந்ததும் பெட்டியையும், மேலே ஒட்டியிருந்த லேபிளையும், போர்டிங் பாஸையும் ஒரே படத்தில் எடுத்துக்கொண்டேன். விமான நிலையத்திலிருந்து தண்டையார்பேட்டைக்கு மெட்ரோவில் நேராக வந்துவிடலாம். அந்தப் பயணத்திலேயே நடந்ததை நேர வரிசையில் போனில் எழுதி முடித்தேன். மறுநாள் எழுதியிருந்தால் பாதி விட்டுப்போயிருக்கும்.

வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள், சிரமத்துக்கு வருந்துவதாக நாலு வரியும், அடுத்த பயணத்துக்கு ஒரு கூப்பனும் வந்தன. சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூப்பன் வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

அப்புறம்தான் ஒவ்வொரு விமான நிறுவனத்திலும் புகார்களைக் கவனிக்க நோடல் அதிகாரி, அவருக்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரி என்று இருப்பது தெரிந்தது. விமானச் சாப்பாடு தரையில் சமைத்து, குளிர வைத்து, மேலே சூடுபண்ணிக் கொடுப்பது. நடுவில் எங்கோ குளிர் விட்டுப்போயிருக்க வேண்டும். அதனால் கோபத்தை ஒதுக்கிவிட்டு நோடல் அதிகாரியிடம் மூன்றே கேள்வி கேட்டேன்: எப்போது சமைத்தது? எந்தச் சூட்டில் வைத்திருந்தீர்கள்? இன்சுலின் போட்ட பயணிக்குச் சாப்பாடு இல்லையென்றால் பணியாளர் என்ன செய்ய வேண்டும்?

ஒரு வாரம் பதில் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா என்ற புகார் தளத்தில், டிக்கெட்டில் இருக்கும் பிஎன்ஆர் எண்ணோடும் படங்களோடும் புகார் பதிந்தேன். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்று முடிவு செய்திருந்தேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அதற்கு 2 வருடம் அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் கிடையாது.

அதுவரை போகவில்லை. பத்து நாளில் போன் வந்தது, பின்னாலேயே கடிதமும் வந்தது. குளிர்ச்சியில் தவறு நேர்ந்ததை ஒப்புக்கொண்டு, சாப்பாட்டுப் பணத்தை வங்கிக் கணக்கில் போட்டார்கள். இப்படிப்பட்ட பயணிகளைக் கவனிப்பது பற்றிப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதாகவும் எழுதியிருந்தார்கள். எனக்கு அந்த வரிதான் வேண்டியிருந்தது.

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு வேலைக்கு ஒண்ணும் ஆகலையேப்பா?" என்றார்.

"இல்லம்மா, பயிற்சி மட்டும்தான்."