உயிரியல் பட்டத்தின் வருமானத்தையும் கடனையும் நாங்கள் எடைபோட்ட விதம்

என் மகள் அமெரிக்கக் கல்லூரியில் உயிரியல் இளநிலைப் பட்டம் படிக்க விரும்பியபோது, அந்த விருப்பத்தில் தலையிடுவதில்லை என்றும், அதற்காக எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுவது என்றும் வீட்டில் முடிவு செய்தோம். கணினி அறிவியல் படித்தால் கடனைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை என்று உறவினர்கள் பலர் சொன்னார்கள். அவள் படிக்கப்போவது உயிரியல் என்பதால் அந்தப் பேச்சு எங்களுக்குப் பயன்படவில்லை.

முதலில் பார்த்தது, அமெரிக்கக் கல்வித் துறை நடத்தும் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ தளம். 2019 முதல் அதில் கல்லூரி வாரியாக மட்டுமன்றிப் படிப்பு வாரியாகவும் விவரம் கிடைக்கிறது. உயிரியலைத் தேர்ந்தெடுத்தால், பட்டதாரிகளின் இடைநிலை வருமானமும் இடைநிலைக் கடனும் அருகருகே தெரியும். பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் இருக்கிறார்கள் என்பது அந்த எண்ணின் பொருள். ஆனால் இரண்டு எண்களும் ஒரே கூட்டத்தைப் பற்றியவை அல்ல. கடன் எண், கூட்டாட்சிக் கடன் (அமெரிக்க மத்திய அரசு தரும் கல்விக் கடன்) வாங்கியவர்களை மட்டுமே கணக்கில் கொள்கிறது. தனியார் கடன் அதில் சேராது, பெற்றோர் வாங்கும் கடன் தனியாகக் காட்டப்படுகிறது. வருமான எண்ணில் கூட்டாட்சி உதவி பெற்றுப் படித்தவர்கள் மட்டுமே வருவார்கள். அவர்களிலும், கணக்கெடுக்கும் காலத்தில் மேற்படிப்பில் இருப்பவர்கள் விடப்படுகிறார்கள்.

உயிரியலைப் பொறுத்தவரை இந்தக் கடைசி விதி மிக முக்கியமானது. உயிரியல் படிப்பவர்களில் பெரும் பகுதியினர் மருத்துவம், பல் மருத்துவம், முனைவர் பட்டம் என்று மேலே போகிறவர்கள். ஆகவே பட்டம் பெற்ற முதல் சில ஆண்டுகளுக்குக் காட்டப்படும் வருமானம், பெரும்பாலும் நேரே வேலைக்குப் போனவர்களுடையது. உயிரியல் பட்டத்துக்கு மதிப்பில்லை என்பதற்குச் சான்றாக அந்தச் சிறிய எண்ணைச் சிலர் காட்டுவதை நான் ஏற்கவில்லை. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் போனால் கையில் என்ன சம்பளம் வரும் என்ற கேள்விக்கு அதைவிட நேர்மையான விடை வேறெங்கும் கிடைக்காது என்பதால், எங்கள் கணக்கை அதன்மீதே அமைத்தோம். பொது உயிரியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் ஆகியவை தனித்தனி வரிசைகளில் இருக்கின்றன, மூன்றையும் ஒப்பிட்டோம்.

அடுத்தது கடன். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவர் தன் பெயரில் வாங்கக்கூடிய கூட்டாட்சிக் கடன் முதலாண்டில் 5,500 டாலர், இரண்டாமாண்டில் 6,500, அதன் பிறகு ஆண்டுக்கு 7,500. நான்காண்டில் மொத்தம் 27,000. வட்டி ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகிறது. 2024–25-க்கு அது 6.53 விழுக்காடு. எல்லா ஆண்டுக்கும் 6.5 விழுக்காடு என்று வைத்துப் பார்த்தால், பத்தாண்டுத் தவணையில் 27,000 டாலருக்கு மாதம் சுமார் 307 டாலர் கட்ட வேண்டும். மானியமில்லாத கடனுக்குப் படிக்கும் காலத்திலேயே சேரும் வட்டி இதற்கு மேல் வரும்; மானியமுள்ள கடனுக்கு அந்தக் கால வட்டியை அரசே ஏற்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே மாதக் கணக்குப்படி, உயிரியல் ஆய்வகத் தொழில்நுட்பப் பணியாளரின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 52,000 டாலர் அளவில் இருக்கிறது, அதாவது வரிக்கு முன் மாதம் ஏறத்தாழ 4,300. அதில் 307 தாங்கக்கூடியது. கடன் இரண்டு மடங்கானால் தவணை 600-ஐத் தாண்டும். புதிதாக வேலையில் சேர்ந்தவருக்கு வாடகை போக அது கழுத்தை நெரிக்கும் தொகை.

கல்லூரிகளின் நிதியுதவிக் கடிதங்களைப் படிக்கத்தான் அதிக நேரம் ஆனது. அவற்றில் ஒரு கடிதம், திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை, வளாக வேலைக்கான கூலி, வட்டி மானியமுள்ள கடன், மானியமில்லாத கடன், பெற்றோர் வாங்க வேண்டிய ‘பேரன்ட் பிளஸ்’ கடன் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கூட்டி, “நீங்கள் செலுத்த வேண்டியது” என்ற இடத்தில் மிகச் சிறிய தொகையைக் காட்டியிருந்தது. நான் பென்சிலால் கடன் வரிகளை அடித்தேன்; வேலை செய்தால்தான் வரும் கூலியையும் அடித்தேன். மிஞ்சியது உதவித்தொகை மட்டுமே. அதன்படி அந்தக் கல்லூரிக்குப் போக, அவள் கடனுக்கு மேல் எங்கள் பெயரிலும் ஆண்டுதோறும் பிளஸ் கடன் வாங்க வேண்டியிருந்தது. 2024–25-இல் அதன் வட்டி 9.08 விழுக்காடு, வழங்கும்போதே நான்கு விழுக்காட்டுக்கு மேல் கட்டணமும் பிடிக்கிறார்கள்.

பட்டத்துக்குப் பிறகு எந்த வழி என்பதும் கடனை மாற்றும். முனைவர் படிப்பில் உயிரியல் துறைகள் பொதுவாகக் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாத ஊதியமும் தருவதால் புதுக்கடன் அதிகம் சேராது. மருத்துவ ஆய்வக அறிவியலாளராக விரும்பினால் கூடுதல் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் உரிமமும் தேவை. மருத்துவம் என்றால் கணக்கே வேறு. நாங்கள் முடிவெடுத்த பின் 2025-இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோர் மருத்துவப் படிப்புக்குக் கூட்டாட்சிக் கடனாக ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர் வரைதான் பெறலாம். மருத்துவக் கனவு உள்ள பிள்ளை இளநிலையிலேயே கடனைக் குவித்துக்கொள்ளக் கூடாது என்பதில் இப்போது எனக்கு இன்னும் உறுதி.

“ஆய்வக வேலை எனக்குப் பிடிக்கும்மா, ஆனா சம்பளம் தவணைக்கே போயிடக் கூடாது” என்று அவளே சொன்னாள். அவள் பெயரிலான கூட்டாட்சிக் கடனோடு நிறுத்துவது, எங்கள் பெயரிலோ தனியாரிடமோ வாங்குவதில்லை என்று எல்லை வகுத்தோம். அந்த எல்லைக்குள் வந்தது, அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம் மட்டுமே. பெயர் பெற்ற தனியார் கல்லூரியை விட்டுக்கொடுக்க அவளுக்கு வருத்தம் இருந்தது, எனக்கும் இருந்தது. தருவதாகச் சொல்லும் கடன் முழுவதையும் ஏற்க வேண்டியதில்லை என்பதால், முதலாண்டில் மானியமுள்ள 3,500 டாலரை முழுதாக ஏற்று, மானியமில்லாத 2,000-இல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். அந்தப் பாதிக்கு ஏறும் வட்டியைக் கோடை விடுமுறை வேலைச் சம்பளத்திலிருந்து அவ்வப்போது கட்டி வருகிறாள்.