ஆயர் மாமன்றத்தின் வட்ட மேசைகள்

திருத்தந்தை (போப்) ஆறாம் பவுல் 1965 செப்டம்பரில் நிறுவிய, கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிப் பேசும் ஆயர் மாமன்றம், தீர்மானிக்கும் அதிகாரத்தைத் திருத்தந்தையே வழங்கினாலொழிய, திருஅவைச் சட்டப்படி அவருக்கு ஆலோசனை சொல்லும் அமைப்பு மட்டுமே. ஆனாலும் 2023 அக்டோபரில், கர்தினால்களும் ஆயர்களும் துறவியரும் பொதுநிலையினரும் வட்ட மேசைகளைச் சுற்றி அருகருகே அமர்ந்து, பேச்சுக்கு இடையே சற்று நேரம் மௌனமாகச் செபித்ததையும், முதன்முறையாகப் பெண்களும் வாக்களித்ததையும் கண்டபோது என் மனம் நிறைந்தது.

அம்மாமன்றத்தின் 2024ஆம் ஆண்டு அமர்வு தந்த இறுதி ஏட்டிலுள்ள 155 பத்திகளும் தனித்தனியே வாக்கெடுப்புக்கு விடப்பட்டு, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவு பெற்றன. பெண்களுக்குத் திருத்தொண்டர் பணி (குருவுக்கு அடுத்த நிலையிலுள்ள திருப்பணி) வழங்குவது குறித்த கேள்வியைத் திறந்தே வைத்த 60ஆம் பத்திக்கு எதிராக 97 வாக்குகள் விழுந்தன. அந்த எண்ணிக்கையை மறைக்காமல் வெளியிட்டதை நான் பெரிதும் மதிக்கிறேன். திருத்தந்தை பிரான்சிஸ், மாமன்றத்துக்குப் பின் திருத்தந்தையர் வழக்கமாக எழுதும் திருத்தூது அறிவுரை மடலைத் தனியாக எழுதப்போவதில்லை என்று கூறி, அந்த ஏட்டையே வெளியிடச் செய்தார்.