சவ்வூடு பரவலும் சட்டசபை இருக்கைகளும்

உலர்திராட்சையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் காலையில் அது உப்பியிருப்பதைக் காட்டித்தான் எங்களுக்குப் பள்ளியில் சவ்வூடு பரவலைக் கற்றுக்கொடுத்தார்கள். அதே சொல்லை ஜனநாயகத்தைப் பற்றிய வாதம் ஒன்றில் பிறகு சந்தித்தபோது சற்றுத் திகைத்துத்தான் போனேன்.

அமெரிக்க நடைமுறைவாதத் தத்துவ அறிஞர் ஜான் டூயி, 1916இல் வெளியான 'ஜனநாயகமும் கல்வியும்' என்ற நூலில், சமூகம் சலுகை பெற்ற வகுப்பாகவும் அடக்கப்பட்ட வகுப்பாகவும் பிரிந்து கிடந்தால் சமூகச் சவ்வூடு பரவல், அதாவது கருத்தும் அனுபவமும் ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்குக் கசிந்து கலப்பது, நின்றுபோகும் என்று எழுதினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை பயின்ற அம்பேத்கர் அவருடைய மாணவர். ஆசிரியரின் சொல்லை மாணவர் பயன்படுத்திய இடம்தான் என்னை வியக்கவைக்கிறது.

1919 ஜனவரியில், இந்தியாவில் வாக்குரிமை பற்றி ஆராய ஆங்கிலேய அரசு அமைத்த சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது அம்பேத்கருக்கு வயது 27. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் பிரிவினையை நிலைக்கச் செய்யும் என்பது அன்று பலரும் எழுப்பிய ஆட்சேபம். (இன்றும் அதையே கேட்கிறோம்.) குழுக்கள் இருப்பது தீமையன்று, அவை ஒன்றோடொன்று கலக்காமல் அடைபட்டுக் கிடப்பதே தீமை, அவற்றிடையே சவ்வூடு பரவல் வேண்டும் என்று பதிலளித்த அம்பேத்கர், அன்றாட வாழ்வில் ஒருபோதும் சேர்ந்து பழகாத சாதியினர் சட்டசபையில் அருகருகே அமர்ந்து ஒரே காரியத்தில் ஈடுபடும்போது அவர்களுடைய பழைய மனப்பாங்கே மாறத் தொடங்கும் என்று வாதிட்டார். ஒரு ஏற்பாட்டை அதன் பெயரைக் கொண்டு எடைபோடாமல், அது மனிதர்களிடையே என்ன விளைவை உண்டாக்கும் என்று கேட்பதுதான் நடைமுறைவாதம். அந்த அளவுகோலை அவர் சாதிக்கு எதிராகத் திருப்பினார். நல்லிணக்கம் முதலில் வரட்டும், பங்கு பிறகு தரலாம் என்ற வாதத்துக்கு இதைவிடக் கூர்மையான மறுமொழியை நான் படித்ததில்லை.

டூயி 1952 ஜூன் 1 அன்று மறைந்தார். நான்கு நாள் கழித்து, கௌரவ டாக்டர் பட்டம் பெற அம்பேத்கர் அதே கொலம்பியாவில் நின்றார்.

மக்களவையிலும் மாநிலச் சட்டசபைகளிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்கும் ஏற்பாட்டுக்கு 1950இல் அரசியலமைப்பு வைத்த கெடு பத்தாண்டு. அது பத்துப் பத்து ஆண்டுகளாக நீண்டு, இப்போது 2030 ஜனவரி வரை வந்திருக்கிறது. நீட்டித்தது சரிதான் என்பதே என் கருத்து. ஆனால் இத்தனை முறை நீட்டித்தபோதும், அவைக்குள் அருகருகே அமர்ந்தவர்கள் வெளியே எந்த அளவுக்குக் கலந்திருக்கிறார்கள் என்பதை நாம் முறையாகக் கேட்டோமா என்பதில்தான் எனக்குக் குறை.