ஹீட்டிங் ஆயில் பில்லில் 238 டாலரைத் திரும்ப வாங்கிய கதை

அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு பக்கம் அபார்ட்மென்டில் இருந்தவரை, வீட்டுக்குள் வரும் சூடு எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. 2022 அக்டோபரில் வீடு வாங்கிக் குடிபோனபோதுதான் பேஸ்மென்டில் எருமை மாதிரி ஒரு இரும்பு டேங்க் நிற்பதைப் பார்த்தேன். 275 கேலன். கனெக்டிகட்டில் தெருவில் கேஸ் லைன் இல்லாத பழைய வீடுகள் பலவற்றில் இதுதான் நிலவரம்: லாரி வந்து டீசல் மாதிரி ஒரு எண்ணெயை ஊற்றிவிட்டுப் போகும், அதை எரித்துத்தான் குளிர்காலத்தை ஓட்ட வேண்டும். டீசல் மாதிரி என்ன, கிட்டத்தட்ட டீசலேதான். சாலை வரி கட்டாத எண்ணெய் என்று தெரிவதற்காகச் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள்.

நாங்கள் போன நேரமோ மகா மோசம். உக்ரைன் போர், டீசல் தட்டுப்பாடு என்று அந்த நவம்பரில் இங்கே கேலன் 5 டாலரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. டேங்கில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்த கம்பெனிக்கே அக்டோபரில் போன் போட்டிருந்தேன். பேசிய பெண்மணி அவ்வளவு இனிமை. கேலனுக்கு 4.99 ‘கேப்’, மார்க்கெட் எவ்வளவு ஏறினாலும் அதற்கு மேல் போகாது, இறங்கினால் உங்களுக்கும் இறங்கும், அதற்குத் தனியாக 150 டாலர் கட்டணம், டெலிவரி ஆட்டோமேட்டிக், நீங்கள் கவலையே பட வேண்டாம் என்றார். நானும் படவில்லை.

ஆட்டோ டெலிவரி என்றால் டேங்கை யாரோ எட்டிப் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. 65 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து அன்றைய சராசரி வெப்பநிலையைக் கழித்து, அதைத் தினமும் கூட்டிக்கொண்டே வந்து, இந்த வீட்டுக்கு இத்தனை கேலன் எரிந்திருக்கும் என்று கம்பெனியில் உட்கார்ந்தே கணக்குப் போடுகிறார்கள். அதனால் எப்போது வருவார்கள், அன்றைக்கு என்ன விலை என்பதெல்லாம் லாரி போன பிறகு கதவில் செருகியிருக்கும் மீட்டர் டிக்கெட்டை, அதாவது ஊற்றிய அளவும் விலையும் அச்சடித்த ரசீதைப் பார்த்தால்தான் தெரியும்.

ஜனவரி டிக்கெட்டில் 158.6 கேலன், விலை 4.99. சரி என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பாட்டி, பனி தள்ளிக்கொண்டே, அதே கம்பெனியில் அதே வாரம் 4.29க்குப் போட்டதாகச் சொன்னார். அவர் ஆட்டோ டெலிவரி வைத்துக்கொள்வதே இல்லை. டேங்கின் மேல் எண்ணெய் அளவைக் காட்டும் மிதவை கால் பங்குக்கு இறங்கியதும் தானே போன் செய்வார். ஊற்றும்போது டேங்கிலிருந்து ஒரு விசில் கேட்கும், அது நின்றால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம், அதுவரை பேஸ்மென்டிலேயே நிற்பாராம்.

கம்பெனிக்கு போன் செய்தேன். இந்த முறை இனிமை இல்லை. “உங்களுடையது கேப் இல்லை, ஃபிக்ஸ்டு, சீசன் முழுக்க 4.99தான்” என்றார்கள். எங்கே எழுதியிருக்கிறது என்றால், போனில் ஒத்துக்கொண்டீர்களே என்கிறார்கள். மூன்று முறை கூப்பிட்டேன், மூன்று பேர், மூன்று பதில். நடுவில் பிப்ரவரி முதல் வாரக் கடுங்குளிர் வந்து டேங்க் மளமளவென்று இறங்க, இன்னொரு 141.2 கேலன், அதுவும் 4.99. அன்றைக்கு அவர்கள் வெப்சைட்டில் விலை 4.09. இந்த முறை உஷாராக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன்.

கோபத்தில் பழைய பேப்பர்களைக் கிளறும்போதுதான் முதல் பில் கிடைத்தது. அதில் ‘கேப் ஃபீ 150’ என்று அவர்களே அச்சடித்திருந்தார்கள்! ஃபிக்ஸ்டு விலைக்கு எதற்கய்யா கேப் ஃபீ?

கனெக்டிகட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. விலைக்கு உத்தரவாதம் தரும் ஒப்பந்தம், ஃபிக்ஸ்டோ கேப்போ, எழுத்தில் இருக்க வேண்டும். எண்ணெய் வியாபாரிகள் எல்லாரும் மாநில நுகர்வோர் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். எச்.ஓ.டி என்று தொடங்கும் அந்தப் பதிவு எண் என் டிக்கெட்டிலேயே இருந்தது. துறையின் வெப்சைட்டில் புகார் படிவம் நிரப்ப அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் மனைவி ஒரு நல்ல காரியம் செய்தாள். நான் இரண்டு பக்கத்துக்குப் புலம்பி எழுதியிருந்ததை அடித்துவிட்டு, தேதி, கேலன், வாங்கிய விலை, அன்றைய விலை, வித்தியாசம் என்று ஒரு சின்ன அட்டவணை போட்டாள். ஜனவரிக்கு 111.02, பிப்ரவரிக்கு 127.08, மொத்தம் 238.10 டாலர். கூடவே முதல் பில், இரண்டு டிக்கெட், ஸ்கிரீன்ஷாட், பாட்டியின் ஜனவரி டிக்கெட் நகல் (கேட்டதுமே கொடுத்தார், வெகு உற்சாகமாக), நான் போன் செய்த தேதிகள்.

துறையிலிருந்து புகாரைப் பெற்றுக்கொண்டதாக மெயில் வந்தது, கம்பெனியிடம் பதில் கேட்டிருப்பதாகவும் சொன்னார்கள். அப்புறம் ஒரு மாதம் சத்தமே இல்லை. மார்ச் கடைசியில் கம்பெனியிலிருந்து போன், மறுபடியும் அந்த இனிமைக் குரல். கணக்கில் ஏதோ தவறுதலாகப் பதிவாகிவிட்டதாம், 238.10 டாலரை அடுத்த டெலிவரியில் கழித்துவிடுகிறார்களாம். அடுத்த டெலிவரியே கிடையாது, செக்காக அனுப்புங்கள் என்றேன். பத்து நாளில் வந்தது. 150 டாலர் கேப் ஃபீயை நான் கேட்கவில்லை, கேப் கிடைத்துவிட்டதே!

இப்போது பாட்டி மாதிரியே நானும் மிதவையைப் பார்த்து, நாலு இடத்தில் விலை கேட்டு, லாரி வரும் நாளில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். விசில் நின்றதும் மேலே போய் டிக்கெட்டை டிரைவர் கையிலிருந்தே வாங்கிக்கொள்கிறேன்.