சுவர் மூச்சு விடட்டும்

மதிய மழை ஓய்ந்ததும் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டுச் சுவர் கண்ணில் பட்டது. முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்புளித்திருந்தது. தொட்டால் வெள்ளைத் தூள்.

அது உப்பு.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர், குடித்த ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசி அக்ரிலிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்பு படிகமாகிச் செங்கல்லையே உதிர்க்கும்.

தயவுசெய்து இன்னொரு கோட் அடிக்காதீர்கள்!

முதலில் மழைநீர்க் குழாயில் அடைப்பு, ஒழுகல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சிமெண்டைச் செதுக்கி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் கலந்து மெல்லிசாகப் பூசுங்கள். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிக்கும்; ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள்.

2024-இல் வெளிவந்த சிங்கப்பூரின் மூன்றாம் தேசியப் பருவநிலை ஆய்வு, கனமழை இன்னும் வலுக்கும் என்கிறது. அந்த ஆய்வு முதலில் போய்ச் சேரவேண்டியது கொத்தனார் கைக்குத்தான்.